பங்காளர் தோட்டத்தின் முதல் அறுவடை

பங்காளி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவரிற் பலருக்கு வேலித் தகராறும் காணி வழக்குமே நினைவுக்கு வரும். ஒரே காணியிற் பங்குடையவர்கள் மனம் ஒத்து வாழ்வது அரிது என்பது நமது ஊர்களின் நெடுநாள் அனுபவம். ஆனால், நூறு குடும்பங்கள் தமக்குச் சொந்தமில்லாத ஒரு தோட்டத்துக்கு முன்கூட்டியே பங்காளிகளாகி, விளைந்தால் விளைந்ததையும், விளையாவிட்டால் அந்த இழப்பையும் பகிர்ந்துகொள்ள உடன்படுகின்றன என்றால், அது வியப்புக்குரியதன்றோ? அத்தகைய மரக்கறித் தோட்டங்கள் இன்று உலகின் பல நாடுகளில் உள்ளன. அவற்றின் ஆண்டு வாழ்வில் மிகவும் பரபரப்பானது அறுவடை தொடங்கும் முதல் வாரம். அந்த வாரத்தில் என்ன நிகழ்கின்றது, அதற்குப் பின்னால் நிற்கும் ஏற்பாடு யாது, அதன் நன்மையும் குறைபாடும் எவை என்பவற்றை இன்று ஆராய்வோம்.

முதலிற் கமக்காரரின் இடர்ப்பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மசாசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் ஆகிய மாநிலங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே சனவரி மாதத்தில் நிலம் உறைபனியின் கீழ்க் கிடக்கும்போதே விதைக்குப் பணம் கட்டியாக வேண்டும். மார்ச் மாதத்தில் நாற்றுமேடைகளை மூடிய கொட்டிலுக்குள் அமைத்து, அதனைச் சூடேற்ற எரிபொருள் வாங்க வேண்டும். ஏப்ரலில் உழவு, மே மாதத்தில் நடுகைக்குக் கூலி. கடைசி உறைபனி மே மாதத்தின் பிற்பகுதி வரைக்கும் வரக்கூடும். முதன் மரக்கறி கைக்கு வருவது ஜூன் மாதத்தில். நல்ல வருமானம் வருவதோ ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில். ஆகவே, அரை ஆண்டுக் காலம் கையிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். வரவோ சிறிதும் இராது.

இந்த நிலைமை நமக்குப் புதிதன்று. வெங்காயமும் புகையிலையும் செய்கைபண்ணும் நமது கமக்காரர், நடுகைக்கு முன்னர் வீட்டு நகையை ஈடுவைப்பதையும், வியாபாரியிடம் முற்பணம் பெற்றுப் பின்னர் அவர் சொன்ன விலைக்கே விளைச்சலை ஒப்புக்கொடுப்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். பயிர் நன்றாக விளைந்தால் விலை வீழ்கின்றது. விலை நன்றாக இருக்கும் ஆண்டிற் பயிர் விளைவதில்லை. கடன் மட்டும் இரண்டு ஆண்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றது.

இதற்கு ஒரு மாற்று வழியாகத் தோன்றியதே நாம் பேசும் ஏற்பாடு. அதன் அடிப்படை மிகவும் எளியது. தோட்டக்காரர் தமது ஆண்டுச் செலவைக் கணக்கிடுகின்றார். விதை, எரு, கூலி, குத்தகை, தமது குடும்பச் சீவியம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, அத்தொகையைப் பங்குகளாகப் பிரிக்கின்றார். சுற்றுவட்டாரத்திலுள்ள குடும்பங்கள் குளிர்காலத்திலேயே, அல்லது இளவேனிற் காலத்தின் தொடக்கத்திலே, பங்குப் பணத்தைச் செலுத்துகின்றன. அதற்கு ஈடாக, அறுவடை தொடங்கிய நாள்முதல் ஏறக்குறைய 20 வாரங்களுக்கு, வாரந்தோறும் தோட்டத்தில் விளைந்தவற்றில் ஒரு பங்கு அவர்களுக்குக் கிடைக்கின்றது. இத்தனை இறாத்தல் தக்காளி தரப்படும் என்ற உறுதி எதுவும் இல்லை. வாங்கப்பட்டது மரக்கறி அன்று. அவ்வாண்டுத் தோட்டத்தில் ஒரு பங்கு. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் ஏனையவை எல்லாம் தாமே விளங்கும்.

இந்த எண்ணம் ஒரே இடத்திற் பிறந்ததன்று. யப்பானில் விவசாய நஞ்சுகளைப் பற்றிய அச்சம் மிகுந்த காலத்தில், குடும்பப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கமக்காரரோடு நேர் உடன்படிக்கை செய்யத் தொடங்கினர். இதனை அவர்கள் ‘தெய்கேய்’ என்றனர். இணைந்து செயலாற்றுதல் என்பது அதன் கருத்து. 1971ஆம் ஆண்டில் அங்கே இயற்கைவழி விவசாயச் சங்கம் அமைந்தது. அச்சங்கம் 1978இல் வகுத்த பத்துக் கோட்பாடுகளுள் ஒன்று, வந்த விளைச்சல் முழுவதையும் வாங்குவோர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதாகும். அதே 1978ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்து இத்தகைய ஒரு கூட்டுறவுத் தோட்டம் தொடங்கப்பட்டது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கறுப்பினப் பேராசிரியர் புக்கர் வட்லி, சிறு கமக்காரர் பிழைக்க வேண்டுமானால் முன்பணம் செலுத்தும் உறுப்பினர் கழகம் ஒன்றைத் தமக்கென அமைத்துக்கொள்ள வேண்டும் என்று நெடுங்காலம் வற்புறுத்தி வந்தார். பின்னர் 1986ஆம் ஆண்டில் இரண்டு தோட்டங்கள் ஒன்றையொன்று சாராமல் இவ்வழியில் இறங்கின. ஒன்று, மசாசூசெட்சில் ரொபின் வான் என் என்னும் பெண்மணியின் இந்தியன் லைன் பண்ணை. மற்றையது, நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை. முன்னையதிற் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த அனுபவமும், பின்னையதில் யேர்மனியிலிருந்து வந்த அனுபவமும் துணைநின்றன. இந்தியன் லைன் குழுவினர் மரக்கறியில் இறங்குமுன், 1985இன் இலையுதிர்காலத்தில் அப்பிள் தோட்டமொன்றின் பழங்களைப் பங்குபோட்டு இம்முறையைச் சோதித்துப் பார்த்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. பெரியதைத் தொடங்குமுன் சிறியதிற் கைபழகுவது நல்ல கமக்காரரின் இயல்பன்றோ?

இனி, அறுவடை தொடங்கும் வாரத்துக்கு வருவோம்.

பங்காளர் பணம் செலுத்தி நான்கைந்து மாதங்கள் சென்றுவிட்டன. அவர்கள் கண்டது ஒரு பற்றுச்சீட்டு மாத்திரமே. இப்போது அவர்கள் மனக்கண்ணிற் சிவந்த தக்காளியும் கத்தரிக்காயும் கறிமிளகாயும் நிற்கின்றன. ஆனால் ஜூன் மாதத் தொடக்கத்திற் தோட்டத்தில் இருப்பது பெரும்பாலும் இலை. சலாது, பசளைக்கீரையை ஒத்த ஸ்பினச், சீனக் கோவா, சிறு முள்ளங்கி, உள்ளிப் பயிரின் இளம் பூத்தண்டு, நல்வாய்ப்பிருந்தாற் பட்டாணியும் ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரியும். இதற்குக் காரணம் தோட்டக்காரரின் சோம்பல் அன்று; பயிரின் இயல்பு. சிறு முள்ளங்கி விதைத்து 25 முதல் 30 நாட்களிற் பிடுங்கத்தக்கதாகும். தக்காளிக்கோ நாற்று நட்ட பின்னரும் 60 முதல் 80 நாட்கள் வேண்டும். இரவுக் குளிரையும் அது பொறுக்காது. மே மாத முடிவில் நட்ட தக்காளி ஆகஸ்டுக்கு முன் நிறைவாகக் காய்ப்பதில்லை. ஆகவே முதல் வாரத்துப் பை கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றும். நம்பிக்கைக்கு வரும் முதற் சோதனை இதுவே.

எந்த நாளில் அறுவடையைத் தொடங்குவது என்பதும் எளிய கேள்வியன்று. குளிர் நீடித்த ஆண்டில் ஒரு வாரம் பொறுத்தால் இலைகள் பெருக்கும், பை நிறையும். ஆனால் ஸ்பினச் என்னும் கீரை பொறுத்திராது. பகற்பொழுது ஏறக்குறைய 14 மணித்தியாலத்தைக் கடந்ததும் அது இலைவிடுவதை நிறுத்திப் பூத்தண்டை எழுப்பத் தொடங்கிவிடும். சலாதோ வெயில் ஏறியதும் தண்டு நீண்டு கசந்துவிடும். ஒரு பயிர் காத்திரு என்கின்றது. மற்றையது உடனே வா என்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையில் நாளைக் குறிப்பது தோட்டக்காரரின் அனுபவம்.

இந்த நாளுக்கான ஆயத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் 200 பங்குகள் எனக் கொள்வோம். ஒரு பங்குக்கு வாரம் ஒரு சலாது வீதம் 20 வாரங்களுக்குக் கொடுப்பதாயின் 4,000 சலாது வேண்டும். அழுகல், பூச்சி, மான் ஆகியவற்றுக்குப் போவதற்காக ஐந்திலொரு பங்கு கூட்டினால் 4,800 ஆகின்றது. அதாவது வாரந்தோறும் 240 நாற்று நட்டாக வேண்டும். ஜூன் இரண்டாம் வாரத்தில் வெட்டவேண்டிய சலாதுக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே விதையிட்டிருக்க வேண்டும். சந்தைக்குச் செய்கைபண்ணுபவர் ஒரே பயிரை ஒரே நாளில் நட்டு, ஒரே நாளில் வெட்டி விற்றுவிடலாம். பங்காளருக்குச் செய்கைபண்ணுபவரோ, முப்பது நாற்பது வகைப் பயிரைத் தவணை தவணையாக விதைத்து, எந்த வாரத்துப் பையும் வெறுமையாகாமற் பார்க்க வேண்டும். இக்கணக்கில் ஒரு வாரம் தவறினாலும் இரண்டு மாதங்கழித்து அக்குறை மேசையிற் தெரியும்.

அறுவடை நாளன்று விடியுமுன்னரே வேலை தொடங்குகின்றது. இதற்கு அறிவியற் காரணம் உண்டு. பறித்த பின்னரும் மரக்கறி உயிருள்ள பொருளே, அது சுவாசிக்கின்றது. சுவாசிக்கும்போது தனக்குள் இருக்கும் சர்க்கரையைச் செலவிட்டு, வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகின்றது. வெப்பம் 10 பாகை செல்சியசு உயர்ந்தால் இந்தச் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகும். நண்பகலிற் பறித்த கீரை மாலைக்குள் வாடிவிடுவதும், காலையிற் பறித்த பட்டாணியின் இனிப்பு வெயிலில் வைத்தால் மாப்பொருளாக மாறி மறைவதும் இதனாலேயே. எனவே வயலின் வெப்பம் இலையில் ஏறுமுன் இலைகளை வெட்டிவிடுகின்றனர். முதலில் இலைவகை, அடுத்துக் கிழங்குவகை, பனி உலர்ந்த பின்னரே போஞ்சி. ஈரமாக இருக்கும்போது போஞ்சிப் பந்தருக்குள் நடமாடினால் நோய் ஒரு கொடியிலிருந்து மறு கொடிக்குக் கைவழியே பரவும்.

வெட்டிய இலைகளை உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துகின்றனர். அது மண்ணைக் கழுவுவதோடு வெப்பத்தையும் வாங்கிவிடுகின்றது. பின்னர் நீரை வடித்து, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், ஈரப்பதம் மிகுந்த அறையில் வைக்கின்றனர். ஆனால் எல்லாவற்றுக்கும் குளிர் ஆகாது. பின்னர் வரும் தக்காளியையும் வெள்ளரிக்காயையும் அவ்வறையில் வைத்தால் சுவை கெட்டுச் சதை நொய்ந்துவிடும். ஒவ்வொரு மரக்கறிக்கும் அதற்குரிய இடம் உண்டு.

மாலையிற் பங்காளர் வருகின்றனர். களஞ்சியத்தில் நீண்ட மேசைகள். சுவரில் ஒரு கரும்பலகை. சலாது இரண்டு, முள்ளங்கி ஒரு பிடி, பூத்தண்டு ஆறு என்று அதில் எழுதியிருக்கும். அவரவரே எடுத்துத் தம் பையில் இடுவர். காவலாளி இல்லை, தராசு மட்டும் உண்டு. விரும்பாததை விட்டுச் செல்ல ஒரு மூலையிற் கூடை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். வேறொருவர் அதனை மகிழ்ந்து எடுத்துச் செல்வார். புதியவர் ஒருவர் உள்ளிப் பூத்தண்டைக் கையிலெடுத்து, இதனை என்ன செய்வது என்று வினவ, பழையவர் ஒருவர் வதக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பார். முதல் வாரத்திற் தோட்டக்காரர் பெரும்பாலும் மேசையருகிலேயே நிற்பார். இவ்வளவுதானா என்ற கேள்வி எழுமானால், அதற்கு விடைசொல்ல வேண்டியவர் அவரேயன்றோ?

ஆயினும், முதற் பையின் சிறுமை பெருஞ்சோதனையன்று. பெருஞ்சோதனை வானத்திலிருந்து வருகின்றது. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஜூன் மாதம் முழுவதும் மழை ஓயவில்லை. பெருங்கடைகளில் விற்கப்பட்ட தக்காளி நாற்றுகளோடு கருகல் நோய் ஊரூராகப் பரவியது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தை விளைவித்த அதே நோய் அது. அவ்வாண்டு எத்தனையோ தோட்டங்களிற் தக்காளிச் செடிகள் காய்க்குமுன்பே பிடுங்கி அழிக்கப்பட்டன. பங்காளர் கோடை முழுவதும் காத்திருந்த பழம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2011 ஆகஸ்ட் 28ஆம் நாள் ஐரீன் புயல் வெர்மான்ட் மாநிலத்தைத் தாக்கியது. பேர்லிங்டன் நகரையொட்டி வினூஸ்கி ஆற்றின் கரையில் இன்டர்வேல் என்னும் வளமான வண்டல் நிலம் உண்டு. அங்கே 1990 முதல் ஒரு சமூகப் பண்ணை இம்முறையில் இயங்கி வந்தது. அறுவடை உச்சத்தில் இருந்த வேளையில் ஆறு பெருகி வயல்களை மூடியது. நீர் வடிந்த பின்னர், நின்ற பயிர்களிற் சில பார்வைக்கு நன்றாகவே இருந்தன. எனினும், வெள்ளநீர் கழிவையும் எண்ணெயையும் சுமந்து வருவதால், அந்நீர் தொட்ட மரக்கறியை மனிதர் உண்ண விற்கலாகாது என்பது அரசின் விதி. கண்முன்னே நின்ற பயிர் கைக்கு உதவாமற் போயிற்று. 2023 ஜூலையிலும் அதே ஆறு அதே நிலத்தில் மீண்டும் ஏறியது.

சந்தைக்காகப் பயிரிட்ட கமக்காரருக்கு இத்தகைய நாளோடு ஆண்டு முடிந்துவிடுகின்றது. கடன் மட்டும் எஞ்சுகின்றது. பங்காளர் தோட்டத்திலோ, விதைக்கும் கூலிக்குமான பணம் முன்னரே செலுத்தப்பட்டுவிட்டது. இழப்பு மறைந்துவிடவில்லை, அஃது ஒருவர் தலையில் விழாமற் பல குடும்பங்களின் தலையிற் பரந்து விழுகின்றது. ஒரு கமக்காரரை நிலத்தைவிட்டு ஓட்டக்கூடிய இழப்பு, 200 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும்போது, ஒவ்வொரு வீட்டுக்கும் சில வாரத்து மரக்கறியாகச் சுருங்கிவிடுகின்றது. இவ்வேற்பாட்டின் உயிர்நிலை இதுவே.

எனினும், இதன் குறைகளையும் மறைத்தலாகாது. முதலாவது, பங்குப் பணம் பல நூறு டொலர். அதனை ஒரே முறையில் முன்கூட்டிச் செலுத்தக்கூடியவர் வசதி படைத்தோரே. இதனைத் தணிப்பதற்காகச் சில தோட்டங்கள் தவணைமுறையில் வாங்குகின்றன. சில, பணத்துக்குப் பதிலாக உழைப்பை ஏற்கின்றன. டெம்பிள்-வில்டன் பண்ணையில் ஆண்டுக் கூட்டத்தில் செலவுக் கணக்கை எல்லோர் முன்னும் வைத்து, ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைச் சொல்ல, மொத்தம் நிறைவாகும் வரை மீண்டும் மீண்டும் சுற்றுவரும் முறையைக் கையாண்டனர். வறிய குடும்பங்கள் அரசின் உணவு உதவியைக் கொண்டு பங்கு வாங்குவதற்கு 2014ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயச் சட்டம் இடமளித்தது. ஆனால் அவ்வுதவிப் பணத்தை விநியோகத்துக்கு 14 நாட்களுக்கு மேல் முந்திப் பெறலாகாது. ஆகவே, குளிர்காலச் செலவுக்கு அது உதவுவதில்லை.

இரண்டாவது குறை தோட்டக்காரர் பக்கத்தில் உள்ளது. பங்காளர் விலகிவிடுவாரோ என்ற அச்சத்திற் பலர் தமது சொந்த உழைப்பைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. கூலியாளுக்குக் கூலி உண்டு. எருவுக்கு விலை உண்டு. தமக்கு மட்டும் எஞ்சியதே. அவ்வாறு நடத்தப்படும் தோட்டம் அன்பினாற் சில ஆண்டு நிலைக்கலாம், கணக்கினால் நிலைக்காது. மூன்றாவது, எல்லாப் பங்காளரும் பங்காளராக நிலைப்பதில்லை. விரும்பியதை விரும்பிய நாளில் வாங்கிப் பழகியவர், இலைக்கறி தொடர்ந்து வரும் நாலாம் வாரத்திற் சலிப்புறுகின்றார். அடுத்த ஆண்டு அவர் வருவதில்லை. அவ்விடத்துக்குப் புதியவரைத் தேட வேண்டியுள்ளது.

இவற்றிடையேயும் இம்முறை பரவியது. 2001ஆம் ஆண்டிற் பிரான்சின் தென்பகுதியில், அமெரிக்காவிற் கண்டதைப் பின்பற்றி ஒரு கமக்காரத் தம்பதியர் முதற் குழுவைத் தொடங்கினர்; அந்நாடெங்கும் அது பெருகியது. ஐக்கிய அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7,000க்கு மேற்பட்ட பண்ணைகள் இவ்வாறு விளைச்சலைப் பகிர்ந்தன. ரொபின் வான் என் அம்மையார் 1997இற் காலமானார். பின்னர் அவருடைய நிலம் விற்பனைக்கு வந்தபோது, அது வீட்டுமனையாகிவிடாமல், சமூக நில நிதியமொன்று இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தோடு சேர்ந்து 1999இல் அதனைக் காப்பாற்றிக் கமக்காரரிடம் நெடுங்காலக் குத்தகைக்குக் கொடுத்தது.

நேயர்களே, விலை வீழ்ந்த நாட்களில் நமது சந்தைகளில் மரக்கறி குப்பையிற் கொட்டப்பட்ட செய்திகளை நாம் கேட்டிருக்கின்றோம். விலை ஏறிய நாட்களில் கால் இறாத்தல் போஞ்சியோடு வீடு திரும்பியும் இருக்கின்றோம். விளைவித்தவரும் உண்பவரும் ஒருவரையொருவர் அறியாதிருக்கும்வரை இவ்விரண்டும் மாறிமாறி நிகழ்ந்துகொண்டேயிருக்கும். வேறொரு தட்பவெப்பத்தில் வளர்ந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்து நம் மண்ணில் நட்டுவிட முடியாது. ஆயினும், அதன் வேரிலிருக்கும் கேள்வி நமக்கும் உரியதே: நமது உணவை விளைவிப்பவரின் கெட்ட ஆண்டில் நமக்கும் பங்கு உண்டா?

ஜூன் மாதத்து மாலையொன்றில், இரண்டு சலாதும் ஒரு பிடி முள்ளங்கியும் மட்டுமிருந்த பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் அந்தப் பங்காளர், உண்டு என்று விடை கூறிச் செல்கின்றார். தக்காளி வரும் நாளை அவரும் தோட்டக்காரரும் சேர்ந்தே எதிர்பார்த்திருக்கின்றனர்.